நடை சாத்திய பின் ஒரு சேவை

லண்டன் மாநகரின் பாடிங்டன் நிலையத்திலிருந்து மேற்கே புறப்படும் ரயில், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஆக்ஸ்ஃபோர்டை அடைந்துவிடுகிறது. 2024 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை, அந்த ரயிலின் சன்னலோரத்தில் 79 வயதுப் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். நெற்றியில் திருமண், தோளில் துணிப்பை. பையினுள் ஓர் எவர்சில்வர் டப்பாவில் புளியோதரை. அதனடியில் மடித்த காகிதத்தில் பெருமாள் கோயில் மஞ்சள் காப்பு.

லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தவர் அவர். மகள் காட்டிய அரண்மனைகளையும் கடிகாரக் கோபுரத்தையும் பார்த்து முடித்தாயிற்று. ஊரிலிருந்து புறப்பட்டபோதே அவர் மனத்தில் இருந்தவை இரண்டே காரியங்கள். பால்ய சிநேகிதரைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. மற்றொன்றை அவர் மகளிடம் கூடச் சொல்லவில்லை.

பெரியவரின் சொந்த ஊர் சுந்தரப்பெருமாள் கோயில். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் செல்லும் ரயில் பாதையில், சுவாமிமலைக்கும் பாபநாசத்துக்கும் இடையே உள்ள சிற்றூர். சௌந்தரராஜப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் தலம். பெருமாளின் பெயரே ஊரின் பெயராயிற்று. அவ்வூரின் சன்னிதித் தெருவில் எதிரெதிர் வீடுகளில் பிறந்தவர்கள் இவரும் இவருடைய நண்பரும். ஒன்றாகப் பள்ளி சென்றார்கள். உற்சவ காலங்களில் ஒன்றாகத் தீவட்டிக்கு எண்ணெய் வார்த்தார்கள். திருமஞ்சனத்துக்கு முன் பட்டாச்சாரியார் புளியிட்டு விக்கிரகங்களைத் துலக்கும்போது, ஒன்றாகத் தண்ணீர் சுமந்து கொடுத்தார்கள்.

பின்னர் பாதைகள் பிரிந்தன. ஒருவர் ஊரிலேயே பள்ளி ஆசிரியராகத் தங்கிவிட்டார். மற்றவர் மருத்துவம் பயின்று 1968 இல் இங்கிலாந்து சென்றார். ஆக்ஸ்ஃபோர்டில் வேலை கிடைத்தது; அங்கேயே வாழ்க்கை அமைந்தது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊருக்கு வருவார். இப்போது அதுவும் நின்றுவிட்டது. மனைவி காலமாகிவிட்டார். சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அந்த மூன்று நாட்களின் கணக்கு அவரைப் பத்து மைல் சுற்றளவுக்குள் கட்டிப் போட்டிருந்தது. வர முடியாதவரைப் பார்க்க, வர முடிந்தவர் போய்க்கொண்டிருந்தார்.

ஆக்ஸ்ஃபோர்டு நிலையத்தின் வாசலில் கைத்தடியை ஊன்றி நின்றிருந்தார் டாக்டர். "என்னடா, இவ்வளவு இளைச்சுப் போயிட்டே?" என்று அவரே முந்திக்கொண்டார். இளைத்திருந்தவர் அவர்தான். பெரியவருக்குப் பதில் வரவில்லை. தம்மை 'டா' என்று அழைக்க இவ்வுலகில் இன்னும் ஒருவர் மீதமிருக்கிறார் என்ற எண்ணமே தொண்டையை அடைத்தது.

டாக்ஸி நகரின் நடுவே சென்றது. கிட்டத்தட்ட நாற்பது கல்லூரிகள் சேர்ந்த பல்கலைக்கழகம் அது. 1096 ஆம் ஆண்டிலேயே அங்கே பாடம் நடந்ததற்குச் சான்று உண்டு. நம் நாட்டுக் கணக்கில், முதலாம் குலோத்துங்க சோழன் ஆண்ட காலம். தேன் நிறக் கற்களால் எழுந்த மதில்கள், அவற்றுக்குள் தாழ்ந்த வாயில்கள், வாயிலுக்குள் புல்வெளி முற்றங்கள். பெரியவருக்கு அவை மடங்களை நினைவூட்டின. குருவும் மாணவரும் ஒரே மதிலுக்குள் தங்கி, ஒரே கூடத்தில் உண்டு, ஒரே ஆலயத்தில் வழிபட்டுக் கற்பதற்காக எழுந்தவை அக்கல்லூரிகள். அந்த அமைப்பில் அவருக்கு அந்நியம் எதுவும் தோன்றவில்லை.

நகரின் கிழக்கே மேட்டுப்பாங்கான ஹெடிங்டன் பகுதியில் இருந்தது டாக்டரின் வீடு. சிறிய பூஜை அலமாரி. பெருமாள் படத்தின் பக்கத்தில் டாக்டருடைய தாயாரின் படம். அதற்குத் தோட்டத்து ரோஜா ஒன்று சார்த்தியிருந்தது.

அந்தப் படத்தின் கதை பெரியவருக்குத் தெரியும். 1974 இல் அந்த அம்மாள் பரமபதித்தபோது தந்தி சென்று சேர்ந்தது. மகன் வந்து சேர முடியவில்லை. நெருப்பிட்டது பங்காளி மகன். ஓடியாடிக் காரியங்களைக் கவனித்தவர் இந்தப் பெரியவர். பதின்மூன்று நாளும் நடந்ததை ஒன்று விடாமல் எட்டுப் பக்கக் கடிதமாக எழுதி அனுப்பினார். 'அம்மாவின் படம் ஒன்று அனுப்பு' என்று பதில் வந்தது. அம்மாள் வாழ்நாளில் புகைப்படமே எடுத்துக்கொண்டதில்லை. பெரியவர் யோசித்தார். அம்மாளின் தங்கையுடைய கல்யாணப் படத்தைக் கும்பகோணத்து ஓவியர் ஒருவரிடம் கொண்டுபோனார். 'முகம் கொஞ்சம் நீளம், மூக்குத்தி இரு பக்கமும், கண்ணில் சிரிப்பு இருக்கும்' என்று அருகில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி வரையச் செய்தார். அரை நூற்றாண்டாக டாக்டர் பூச்சார்த்தி வந்தது அந்த ஓவியத்துக்குத்தான்.

டாக்டருக்கு உப்பும் புளியும் அளவோடுதான். புளியோதரையில் இரண்டு கவளம் எடுத்துக்கொண்டு கண்களை மூடினார். "மடைப்பள்ளி வாசனை" என்றார். மீதியைப் பத்திரமாக மூடி வைத்தார்.

பெரியவர் மாலை ஆறரை மணி ரயிலில் திரும்ப வேண்டும். நிலையத்துக்குப் போகும் வழியில் மூன்று இடங்கள் காட்டுவதாக டாக்டர் சொன்னார்.

முதல் இடம் நகரின் வடக்கே நார்ஹாம் கார்டன்ஸ் என்னும் தெருவின் ஏழாம் எண் இல்லம். மாக்ஸ் முல்லர் வாழ்ந்த வீடு. சாயணருடைய பாஷ்யத்துடன் ரிக் வேதத்தை ஆறு பெருந்தொகுதிகளாக அச்சேற்றியவர் அவர். 1849 இல் முதல் தொகுதி வெளிவந்தது. 1874 இல் கடைசித் தொகுதி. கால் நூற்றாண்டு உழைப்பு. அத்தனை வேதம் பதிப்பித்த அந்த மேதை, பாரத பூமியை ஒரு முறை கூடக் கண்ணால் கண்டதில்லை.

1896 மே 28 அன்று சுவாமி விவேகானந்தர் அவரைக் காண ஆக்ஸ்ஃபோர்டு வந்தார். சுவாமிக்கு 33 வயது, பேராசிரியருக்கு 72. அன்றைய சந்திப்பைச் சென்னை அன்பர்கள் நடத்திய 'பிரம்மவாதின்' பத்திரிகைக்குச் சுவாமியே எழுதி அனுப்பினார். பேராசிரியர் கல்லூரிகளையும், 1602 இல் திறக்கப்பட்ட போட்லியன் நூலகத்தையும் தாமே அழைத்துச் சென்று காட்டினார். பாரதத்துக்கு எப்போது வருவீர்கள் என்று சுவாமி கேட்டார். முதியவரின் முகம் மலர்ந்தது. கண்ணில் நீர் துளிர்த்தது. வந்தால் பிறகு திரும்ப மாட்டேன், என்னை அங்கேயே தகனம் செய்ய வேண்டியிருக்கும் என்ற பொருள்பட அவர் மறுமொழி கூறினார். இரவில் விடைபெற்ற சுவாமியை வழியனுப்ப, மழையையும் காற்றையும் பொருட்படுத்தாமல் ரயில் நிலையம் வரை வந்தார். ராமகிருஷ்ண பரமஹம்சரின் சீடரைச் சந்திக்கும் பேறு தினமும் கிடைப்பதில்லையே என்று காரணமும் சொன்னார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1900 இல், ஆக்ஸ்ஃபோர்டிலேயே அவர் காலமானார்.

"வரவேயில்லை, பார்" என்றார் டாக்டர், அந்த வீட்டைப் பார்த்தபடி. "நினைத்தவரெல்லாம் வந்துவிட முடிகிறதா?"

பெரியவர் அந்தக் கேள்விக்குள் இருந்த மற்றொரு கேள்வியைக் கேட்டும் கேளாதவர் போல் இருந்தார்.

இரண்டாவது இடம் வால்டன் தெருவிலிருந்து உள்ளே செல்லும் பழைய கல்லறைத் தோட்டம். மயானம் என்றதும் பெரியவர் வாயிலில் தயங்கினார். "யாருக்காக?" என்றார். "திருவாசகத்துக்காக" என்றார் டாக்டர்.

ஜி.யு. போப் அங்கே துயில்கிறார். 19 வயதில் சென்னை வந்திறங்கிய கிறிஸ்தவ குருமார் அவர். சாயர்புரத்திலும் தஞ்சையிலும் வாழ்ந்து தமிழில் தோய்ந்தார். முதுமையில் தாயகம் திரும்பி, ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். 1886 இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தார். அதன் பின் திருவாசகத்தைத் தொட்டபோது வயது குறுக்கே நின்றது. பேலியல் கல்லூரித் தலைவரான பெஞ்சமின் ஜோவட்டிடம், இதை முடிக்க ஆயுள் போதுமா என்று ஒரு நாள் பேச்சு வந்தது. பெரும் பணி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வதே நெடிது வாழ வழி, முடிக்கும் வரை இருப்பீர் என்று ஜோவட் சொன்னதைப் போப் தம் நூலின் முன்னுரையில் பதிந்திருக்கிறார். ஜோவட் 1893 இல் மறைந்தார். போப் முடித்தே விட்டார். தம் 80 ஆவது பிறந்த நாளான 1900 ஏப்ரல் 24 இல் அந்த முன்னுரைக்கு நாளிட்டார். 1908 வரை வாழ்ந்தார்.

டாக்டர் கைத்தடியால் புல்லை விலக்கி வழி ஏற்படுத்திக்கொண்டு மெல்ல நடந்தார். பத்தடிக்கு ஒரு முறை நின்றார். போப்பின் கல்லை அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்ததாக அதிலேயே பொறித்திருக்கிறது. பெரியவர் அந்தச் சொற்களை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். மாணிக்கவாசகரை நேசித்த வேற்று மதத்தவர். அவரை நேசித்துக் கடல் கடந்து கல் அனுப்பிய நம்மவர். வைணவரான பெரியவர் அந்தக் கல்லின் முன் கைகூப்பினார்.

வெளியே வந்ததும் டாக்டரிடமிருந்த தண்ணீர்க் குப்பியை வாங்கிக் கால்களைக் கழுவிக்கொண்டார். தலையிலும் தெளித்துக்கொண்டார். "மூன்றாவது இடம் எது என்று எனக்குத் தெரியும்" என்றார். "அதற்காகவும்தான் வந்தேன்."

மூன்றாவது இடம் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம். 1683 இல் தொடங்கிய அந்நிறுவனம் இப்போது போமாண்ட் தெருவில், உயர்ந்த தூண்கள் தாங்கும் முகப்புடன் விளங்குகிறது. அதன் உடைமையாக ஆனவர்களுள் ஒருவர் திருமங்கையாழ்வார். சுந்தரப்பெருமாள் கோயில் ஆழ்வார். இவ்விருவரும் சிறுவர்களாக இருந்தபோது திருமஞ்சனத்துக்குத் தண்ணீர் சுமந்தார்களே, அந்த ஆழ்வார்.

பதினாறாம் நூற்றாண்டுத் திருமேனி அது. கையில் வாளும் கேடயமும் ஏந்திய கோலம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1957 இல் அதைக் கோயிலிலேயே புகைப்படம் எடுத்திருக்கிறார்கள். சரியாகப் பத்தே ஆண்டுகளில், 1967 இல், லண்டன் ஏலம் ஒன்றில் அருங்காட்சியகம் அதை விலைக்கு வாங்கியது. இடைப்பட்ட காலத்தில் யார், எப்படிக் கொண்டு சென்றார் என்பது ஊரில் எவருக்கும் தெரியாது. காணாமற் போனது என்பதே தெரியாது. சன்னிதியில் ஓர் ஆழ்வார் எழுந்தருளியிருந்தார். மாலையும் தளிகையும் நடந்துகொண்டிருந்தன. 2019 இல் ஆய்வாளர் ஒருவர் அந்தப் பழைய புகைப்படத்தைச் சுட்டிக்காட்டினார். அருங்காட்சியகத்தாரே இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவித்தார்கள். தமிழகக் காவல்துறை விசாரித்தபோது, கோயிலில் இருப்பது பிற்காலத்தில் வார்த்து வைத்த மாற்று வடிவம் என்று தெரிய வந்தது. 2024 மார்ச் 11 அன்று, சிலையைத் திருப்பித் தரக் கோரும் இந்தியாவின் கோரிக்கையை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேரவை ஏற்றது. அற நிறுவனங்களை மேற்பார்வையிடும் ஆணையத்தின் ஒப்புதலுக்கு அந்த முடிவு அனுப்பப்பட்டது.

டாக்ஸி நின்றபோது மணி ஐந்து பத்து. வெயில் இன்னும் பளீரென்று இருந்தது. ஆனால் அருங்காட்சியகம் ஐந்துக்கு மூடிவிடும். டாக்டரின் தளர்ந்த நடை கல்லறைத் தோட்டத்தில் நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டது.

"என்னால்தான்" என்றார் டாக்டர்.

"நடை சாத்தியாயிற்று, அவ்வளவுதானே" என்றார் பெரியவர். "நடை சாத்தின பிறகு வாசலில் நின்று சேவித்துவிட்டுப் போவதில்லையா நாம்?"

படிக்கட்டின் ஓரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறி, மூடிய கதவுக்கு எதிரே கைகூப்பி நின்றார். சைக்கிளில் போன மாணவர்கள் திரும்பிப் பார்த்துச் சென்றார்கள். வெகு நேரம் கழித்து அவர் படியில் வந்து அமர்ந்தபோது முகம் தெளிவாக இல்லை.

"வழிப்பறி செய்தாவது அடியார்களுக்கு அமுது படைத்தவர் ஆழ்வார்" என்றார் டாக்டர். "பெருமாளையே மறித்து நகையைக் கழற்றியவர். அவரையே கொள்ளையடித்துவிட்டார்கள், பார்."

பெரியவர் சிரிக்கவில்லை. ஐந்து ஆண்டுகளாக எவரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்ததை அந்தப் படியில் உட்கார்ந்துதான் கேட்டார்.

"கார்த்திகையில் கார்த்திகை ஒவ்வொரு வருஷமும் என் செலவில் மாலை கட்டிப் போட்டிருக்கிறேன். பெண் கல்யாணம் நடக்க வேண்டும் என்று அவர் முன்னால்தான் நின்றேன். அவள் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் அவர் முன்னால்தான் அழுதேன். அவர் இங்கே இருந்திருக்கிறார், கடலுக்கு இந்தப் பக்கம். அப்படியானால் இத்தனை வருஷமும் நான் யாரை சேவித்தேன்?"

டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு பாரம் இருந்தது. அந்தக் கட்டடத்தின் வாசலை அவர் நூறு முறை கடந்திருப்பார். ஊரில் நாள்தோறும் சேவித்த ஆழ்வார் அதே ஊரில், அதே தெருவில் இருப்பது தெரியாமலே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறார்.

"அம்மா படத்தைப் பார்த்தாயா?" என்று கேட்டார்.

"பார்த்தேன்."

"அது அம்மா முகமில்லை. சித்தி முகம். நீ சொல்லச் சொல்ல எவரோ வரைந்தது. எனக்கு அது தெரியாதா? முதல் நாளே தெரிந்தது. ஆனால் அம்மாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அதன் முன்னால்தான் சொல்கிறேன். போய்ச் சேரவில்லை என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. நீ அனுப்பியது பொய்ப் படம் என்று நான் நினைக்கவா?"

பெரியவர் தலையசைத்தார். அவர் அறியாதது எதையும் நண்பர் சொல்லிவிடவில்லை. அடியவர் உகந்து அமைக்கும் வடிவத்தையே இறைவன் தன் வடிவாகக் கொள்கிறான் என்பது ஆழ்வார்கள் காட்டிய நெறி. சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தது. கேட்டதைத் தமக்கென்று எடுத்துக்கொள்ள, சில சமயம் ஒரு நண்பரின் வாய் வேண்டியிருக்கிறது. திருடியவன் எடுத்தது திருமேனியை. அது அவர்களுடையது, ஊர் திரும்பியே ஆக வேண்டும். ஆனால் செலுத்திய கண்ணீரை எவனாலும் எடுத்துச் சென்றிருக்க முடியாது.

அங்கிருந்து ரயில் நிலையம் பக்கம். இருந்தும் டாக்டர் டாக்ஸியை அனுப்பாமல் உடன் வந்தார். "படியேற வேண்டாம், இங்கேயே இரு" என்று பெரியவர் எவ்வளவோ சொன்னார். கேட்கவில்லை. நடைமேடை வரை வந்து, ரயில் வரும் திசையைப் பார்த்து நின்றார்.

பெரியவர் துணிப்பையிலிருந்து மஞ்சள் காப்புப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் அதைப் பிரிக்காமல் முகர்ந்தார்.

"ஆழ்வாருக்கு உத்தரவு ஆகிவிட்டது. எனக்கு ஆகாது" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, நோயாளியிடம் உண்மை பேசிப் பழகிய மருத்துவரின் குரலில் சொன்னார். "அவர் ஊருக்கு எழுந்தருளும்போது நீ வாசலில் நில். எனக்கும் சேர்த்து சேவி. நான் தண்ணீர் சுமந்த குடம் உனக்கு ஞாபகம் இருக்கா?"

"ஒரு பக்கம் நசுங்கினது."

"நசுக்கினது நீ."

"நீதான்டா" என்றார் பெரியவர்.

ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, கைத்தடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையை உயர்த்தியபடி நின்றிருந்தார் டாக்டர். வண்டி வளைவில் திரும்பும் வரை அந்தக் கை இறங்கவில்லை.

ஆடி மாதம் பெரியவர் ஊர் திரும்பினார். வந்த மறுநாளே கோயிலுக்குச் சென்றார். ஐந்து ஆண்டுகளாகப் பெருமாளைச் சேவித்த கையோடு, ஆழ்வார் சன்னிதியில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கடந்துவிடுவது அவர் வழக்கமாகியிருந்தது. அன்று நின்றார். வாளும் கேடயமும் ஏந்தி நின்ற அந்த மூர்த்தியை நெடுநேரம் பார்த்தார். பிறகு பட்டாச்சாரியாரிடம் துளசி மாலையைக் கொடுத்து, நண்பரின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். கடல் கடந்த அந்தத் திருமேனி எழுந்தருளும் நாள் வரை, வாரந்தோறும் ஒரு மாலை அந்தப் பெயரில் நடக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.